ஒரு குப்பி, இரண்டு ஊசி

எனக்கு முட்டை உடைக்கச் சம்பளம் கொடுத்தார்கள். இதைச் சொன்னால் இப்போது எல்லோரும் சிரிக்கிறார்கள். ஐம்பத்து மூன்றில் கோட்டைக்குள் எங்கள் அக்ரஹாரத்தில் சொல்லியிருந்தால் என்னை வாசற்படி ஏற விட்டிருக்கமாட்டார்கள். திருவனந்தபுரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் பாக்டீரியா பரிசோதிக்கிற லேபில் நான் டெக்னீஷியன். காசநோய்க் கிருமி லேசில் வளராது. அதற்கு முட்டை வேண்டும். முட்டைகளைச் சோப்புப் போட்டுத் தேய்த்து, ஸ்பிரிட்டால் துடைத்து, உடைத்து அடித்து, பச்சைச் சாயம் கலந்து கண்ணாடிக் குழாய்களில் ஊற்றி, சாய்த்து வைத்து ஆவியில் இறுக வைக்க வேண்டும். கூடை கூடையாக உடைத்தேன். சாயங்காலம் எலுமிச்சம்பழத் தோலால் விரல் விரலாகத் தேய்த்துக் கழுவிக்கொண்டு, பழவங்காடி வழியாக வீட்டுக்கு நடப்பேன். "அங்கே என்னடீ வேலை?" என்று அம்மா கேட்டால், "பூதக்கண்ணாடியில கிருமியைப் பாக்கறேன்" என்பேன்.

என் அண்ணாவின் மனைவி, மன்னிக்கு மட்டும் தெரியும். வந்த ஒரு வாரத்திலேயே கண்டுபிடித்துவிட்டாள். கிணற்றடியில் என் கையை இழுத்து மோந்து பார்த்து, "முட்டைதானே? பம்பாயில எங்க மாடியில கீழ் வீட்டு வாசனை இதேதான்" என்று கண்ணைச் சிமிட்டினாள். மறுநாளிலிருந்து என் பைக்குள் தினம் ஒரு எலுமிச்சம்பழம் இருக்கும். யார் வைத்தது என்று நான் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. வீட்டில் நாங்கள் நாலே பேர்: அம்மா, செக்ரட்டேரியட்டில் குமாஸ்தாவாக இருந்த அண்ணா, அவன் மனைவியாக பம்பாயிலிருந்து வந்த மன்னி, கல்யாணம் ஆகாத நான். எனக்கு வாய் நீளம், கோபம் மூக்கு நுனியில். அந்த வீட்டில் என்னைச் சிரிக்க வைத்தவள் மன்னி ஒருத்திதான்.

அவளுக்கு இருமல் வந்தது. முதலில் சளி என்றோம், பிறகு மழை என்றோம், பிறகு பம்பாய்க்காரிக்கு இந்த ஊர் கிணற்றுத் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்றோம். எக்ஸ்ரே எடுத்தபோது வலது நெஞ்சில் மேலே ஓட்டை. எங்கள் லேபையும் காசநோய் வார்டையும் ஒரே டாக்டர்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மலையாளி, கொஞ்சம் தமிழ், கொஞ்சம் மலையாளம், மிச்சத்துக்கு இங்கிலீஷ் என்று பேசுவார். படம் பார்த்துவிட்டு, "ஸ்ட்ரெப்டோமைசின் வேணம், குட்டீ. இங்கே பேர் எழுதி வெச்சுக் காத்திருக்கணும். வெளியே கிட்டுமெங்கில் இன்னிக்கே தொடங்கலாம்" என்றார்.

மன்னியின் அண்ணா பம்பாயில் இருந்தார். தந்தி கொடுத்தோம். பத்தாம் நாள் மரப்பெட்டி ஒன்று ரயிலில் வந்தது. மேலே மன்னியின் பெயர் கொட்டை எழுத்தில். உள்ளே வைக்கோலுக்கு நடுவில் ரப்பர் மூடி போட்ட சின்னச் சின்னக் குப்பிகள், ஒவ்வொன்றிலும் ஒரு கிராம் வெள்ளைத் தூள், இரண்டு மாதத்துக்கு வரும் அளவு. தினம் ஒன்று, டிஸ்டில்டு வாட்டரில் கரைத்துப் போட வேண்டும். ஊசி போட வார்டு நர்ஸிடம் நான் கற்றுக்கொண்டிருந்தேன். முதல் எட்டு நாள் மன்னிக்கு முழுசாகப் போட்டேன். எட்டு நாளில் காய்ச்சல் இறங்கினது. அம்மா பழவங்காடிப் பிள்ளையாருக்கு நூற்றெட்டுத் தேங்காய் உடைக்க ஏற்பாடு செய்தாள்.

ஒன்பதாம் நாள் காலையில் ஆபீசுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அண்ணா முற்றத்தில் குனிந்து இருமினான். நிமிர்ந்தபோது வெள்ளை வேஷ்டியில் ரத்தம்.

இனி நான் சொல்வதில் யாரையும் அசுரனாக்க மாட்டேன். எங்கள் வீட்டில் எதையும் பங்கு போட்டுத்தான் சாப்பிடுவோம். ஒரு மாம்பழம் வந்தாலும் நாலு கீற்று, கொட்டையைச் சப்புவதற்கு முறை. அப்பா போன பிறகு அம்மா குடித்தனம் நடத்தினதே அந்த நியாயத்தில்தான். அன்று மத்தியானம் அவள் மரப்பெட்டியைக் கூடத்துக்கு நடுவில் வைத்துக்கொண்டு சொன்னாள்: "ஒரு கண்ணுல வெண்ணெய், ஒரு கண்ணுல சுண்ணாம்புன்னு நான் எந்நாளும் வெச்சதில்லை. மருந்து ஒண்ணு, வியாதி ஒண்ணு. பாதி அவனுக்கு, பாதி இவளுக்கு. நீ என்னம்மா சொல்றே?"

கடைசிக் கேள்வி மன்னிக்கு. எல்லோரும் பார்க்கிறார்கள். புருஷன் ஈஸிசேரில் வெளுத்துப்போய்க் கிடக்கிறான். அவள் என்னதான் சொல்லுவாள்? "அவருக்கும் போடுங்கோ" என்றாள். இதைச் சம்மதம் என்று நாங்கள் வைத்துக்கொண்டோம். எனக்கு இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது, கேட்ட விதத்தை நினைத்து.

பாதி போட்டவள் நான். தினம் காலையில் குப்பியில் நாலு சி.சி. தண்ணீர் விட்டுக் குலுக்கி, கோடு பார்த்து இரண்டு சி.சி. இவளுக்கு, இரண்டு சி.சி. அவனுக்கு. சொட்டுக்கூட ஏறக்குறைய இருக்காது. அந்தத் துல்லியத்தில் எனக்கு ஒரு பெருமை வேறு! பெருமையாம் பெருமை. என்னைக் கொண்டுபோய் அடுப்பில் வைக்க.

முதலில் இரண்டு பேருமே தேறினார்கள். அண்ணாவின் கன்னத்தில் சதை பிடித்தது. மன்னி கிணற்றடிவரை நடந்தாள். காதில் வண்டு ரீங்கரிக்கிற மாதிரி இருக்கிறது என்று சொன்னாளே தவிர, பசி எடுத்தது. பெட்டி தீரும் சமயத்தில் ஒரு நாள் நாலு மணிக்கு நெற்றியைத் தொட்டால் சுட்டது. மறுநாளும் நாலு மணிக்குச் சுட்டது. மூன்றாம் நாள் நான் தெர்மாமீட்டரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, நூறுக்கு மேலே ஏறின பாதரசத்தை உதறிவிட்டு, "ஒண்ணுமில்லை மன்னி, நார்மல்" என்றேன். அவள் என் முகத்தையே பார்த்தாள்.

டாக்டர் இரண்டு பேருடைய கோழையையும் கொண்டுவரச் சொன்னார். கிருமியை வளர்த்து, மருந்து கலந்த குழாயிலும் கலக்காத குழாயிலும் போட்டுப் பார்க்க வேண்டும். மருந்தில்லாததில் வளர்ந்து மருந்துள்ளதில் வளராவிட்டால் மருந்து கேட்கிறது. இரண்டிலும் வளர்ந்தால் கேட்கவில்லை. கூடவே ஆளுக்கு ஒரு ஃபார்ம். 'எடுத்துக்கொண்ட மருந்து, தினசரி அளவு' என்று ஒரு கட்டம். நான்தான் நிரப்ப வேண்டும். பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றேன். வீட்டில் டாக்டர் சொல்லாத அளவில் லேப்காரி ஊசி போட்டாள் என்று தெரிந்தால் என் வேலை போகும். தவிர, மாமியார் மருமகளின் மருந்தைப் பங்கு போட்டாள் என்று ஊர் சிரிக்கும். அண்ணாவுக்கும் பம்பாயிலிருந்து தனியாக மருந்து வந்ததாகத்தான் டாக்டர் நினைத்துக்கொண்டிருந்தார். இரண்டு ஃபார்மிலும் 'ஒரு கிராம்' என்று எழுதினேன். மசி காய்வதற்குள் மடித்து வைத்தேன்.

ஆறு வாரம் காத்திருக்க வேண்டும். பெட்டி தீர்ந்திருந்தது; முடிவு தெரியும்வரை ஊசி வேண்டாம் என்றார் டாக்டர். அவ்வளவு மெல்ல வளருகிற ஜந்து அது. தினமும் காலையில் லேபுக்குப் போனதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் சூட்டுப் பெட்டியைத் திறந்து குழாய்களைப் பார்ப்பேன். பச்சையாக, வழவழவென்று, வெறுமையாக இருக்கும். மூடுவேன். பத்து மணிக்கு மறுபடி திறப்பேன்.

"எந்தா குட்டீ, அடிக்கடி தொறந்தா சூடு போகும், கேட்டோ. பால் காய்ச்சற மாதிரி நின்னு நோக்கினா சீக்கிரம் வளருமோ?" என்றார் டாக்டர்.

என் முகத்தைப் பார்த்துப் பாவமென்று நினைத்தாரோ என்னவோ, கையும் மனசும் ஓடட்டும் என்று எனக்கு ஒரு வேலை கொடுத்தார். சாதாரணக் குடல் பாக்டீரியா. அது ஒரே நாளில் வளரும். அதில் மிகக் கொஞ்சமாக எடுத்து இருபது குழாய்களில் தனித்தனியாக வளர்க்கச் சொன்னார். வளர்ந்த பிறகு ஒவ்வொன்றையும் ஸ்ட்ரெப்டோமைசின் கலந்த ஒவ்வொரு தட்டில் ஊற்றினேன். மறுநாள் எண்ணினேன். பெரும்பாலான தட்டுகளில் ஒன்றுமே இல்லை. சிலதில் ஒன்று, இரண்டு புள்ளி. ஒரே ஒரு தட்டில் மட்டும் எள்ளைத் தூவினாற்போல் எக்கச்சக்கம்.

"நான் ஏதோ தப்புப் பண்ணியிருக்கேன் சார்" என்றேன்.

"தப்பில்லா. அதுதான் சங்கதி" என்றார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "மருந்து இதுகளுக்குப் பாடம் சொல்லிக் குடுக்கறதுன்னா, இருபது தட்டிலும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கை பாஸாகணும். சரியல்லே? ஆனா அப்படி இல்லை. ஏன்னா மாற்றம் முந்தியே நடந்துபோச்சு. கோடிக்கணக்கில பெருகறபோ எங்கேயோ ஒண்ணுல ஜீனைப் பகர்த்தறபோ, காப்பி எடுக்கறபோ, தப்பா எழுதிப்போகும். மியூட்டேஷன். யாரும் சொல்லி நடக்கறதில்லை. இந்தக் குழாயில அது சீக்கிரமே நடந்தது, அதனால அதோட பிள்ளை பேரன் எல்லாம் அதே மாதிரி. மத்தக் குழாயில நடக்கலை, இல்லெங்கில் கடைசியில நடந்தது. மருந்து வந்து மத்ததைக் கொன்னுட்டு இவனுக்கு இடம் ஒழிச்சுக் குடுக்கறது, அவ்வளவுதான். இதுதான் பரிணாமம், குட்டீ. புஸ்தகத்தில லட்சம் வருஷம்னு படிச்சிருப்பே. இங்கே ஒரு ராத்திரி."

"அரை டோஸ் குடுத்தா சார்?" என்று கேட்டேன். சும்மா கேட்கிற மாதிரி கேட்க முயன்றேன்.

"அரை டோஸா? அது சாகடிக்கவும் சாகடிக்காது, விடவும் விடாது. ஒரே மருந்து மட்டும் குடுக்கறதே ஆபத்து. இப்போதான் நமக்கே புரியறது. ரெண்டு மருந்து ஒண்ணாக் குடுத்தா, ரெண்டுக்கும் ஒரே சமயத்தில மாறின கிருமி இருக்கறது அபூர்வம். ஒருத்தருக்கு ரெண்டு மருந்து வேணும். அரை டோஸ் ஆரு குடுப்பா?"

நான் தட்டுகளைக் கழுவப் போய்விட்டேன். நாங்கள் செய்தது இரண்டு பேருக்கு ஒரு மருந்து. தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்தில் நின்றேன்.

நான்காவது வாரம் மருந்தில்லாத குழாய்களில் வந்தது. இரண்டு பேருடையதிலும், ரவையை ஒட்டினாற்போல் வெளிர் மஞ்சளாய்ச் சொரசொரவென்று. மருந்துள்ள குழாய்களில் ஒன்றுமில்லை. இரண்டிலும்தான்! அன்று வீட்டுக்கு ஓடினேன். மன்னியிடம், "இன்னும் ரெண்டு வாரம் இப்படியே இருந்தாப் போரும்" என்றேன். அவள் சிரித்தாள். அந்த வாரம் அவளுக்கு என்ன மெலிவு! வளையல் முழங்கைவரை ஏறியது.

ஐந்தாவது வாரத்தின் கடைசி நாள். சூட்டுப் பெட்டியைத் திறந்தேன். அண்ணாவின் மருந்துக் குழாய் பச்சையாய், வழவழவென்று இருந்தது. மன்னியின் மருந்துக் குழாயில் மேலிருந்து கீழ்வரை ரவை.

ஒரே குப்பி. ஒரே கோடு. இவளுக்கு இரண்டு சி.சி., அவனுக்கு இரண்டு சி.சி. ஒரு நெஞ்சில் அது நடந்திருந்தது, இன்னொன்றில் நடக்கவில்லை. என்னுடைய இருபது தட்டு மாதிரியேதான். இரண்டு குழாய்களையும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனேன்.

டாக்டர் இரண்டு குழாய்களையும் ஜன்னலில் பிடித்துப் பார்த்தார். "கஷ்டமாயிப்போச்சு" என்றார். பிறகு மேஜை டிராயரிலிருந்து ஒரு பழுப்பு நிறக் கண்ணாடிப் பாட்டிலை எடுத்து வைத்தார். ஐ.என்.எச். என்ற புது மாத்திரை. அந்த வாரம்தான் ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தது, கொஞ்சமே கொஞ்சம். "உங்க வீட்டுக்கு ஒரு ஆளுக்குத் தர முடியும். சேட்டனுக்குக் கொடுக்கறேன்."

"அண்ணாவுக்கா? மன்னிதானே சார் மோசமா இருக்கா!"

"அதனாலதான். சேட்டனுக்கு ஸ்ட்ரெப்டோமைசின் இன்னும் கேக்கும். அதோட இதைச் சேர்த்தா ரெண்டு மருந்து, பிழைப்பார். அவங்களுக்கு இது மட்டும்தான். ஒத்தை மருந்து. ரெண்டு மாசத்தில இதுக்கும் மாறின கிருமி மேல வரும், பின்னே ஒண்ணுமே மிச்சமில்லை. முழு டோஸ் ரெண்டு மாசம் எடுத்தும் இப்படி ஆச்சுன்னா..." அவர் கையை விரித்தார்.

முழு டோஸ் என்று அவர் வாயால் சொன்னது எனக்குத் தாங்கவில்லை. கொட்டிவிட்டேன். மரப்பெட்டி, அம்மாவின் பங்கு, இரண்டு சி.சி., ஃபார்மில் எழுதின பொய், எல்லாம். சொல்லச் சொல்ல அவர் முகம் சிவந்தது.

"நீ லேபில வேலை பாக்கறவளல்லே? உனக்குமா அறிவில்லை?" என்று மேஜையில் ஓங்கி அடித்தார். குழாய்கள் குதித்தன. "எங்கிட்ட மறைச்சு அஞ்சு வாரம்! இதை முதல்லயே பறஞ்சிருந்தா அன்னிக்கே வேற மருந்துக்கு அலைஞ்சிருப்பேனே!"

எனக்கும் ஆத்திரம் வந்தது. தப்புச் செய்தவளுக்குத்தான் கோபம் அதிகம். "சரி, நான் பாவி. ஆனா அண்ணாவைக் காப்பாத்தினது மன்னியோட மருந்து. அவ வாயிலேர்ந்து பிடுங்கினது. இப்போ மாத்திரையும் அவனுக்கா? இது என்ன நியாயம் சார்?"

"நியாயமில்லைதான்" என்றார். குரல் தணிந்துவிட்டது. "ஆனா கிருமிக்குத் தெரியுமோ அது ஆரோட மருந்துன்னு?"

முழு டோஸ் போட்டிருந்தால் மன்னிக்கு இப்படி ஆகியிருக்காதா என்று கேட்டேன். ஆகியிருக்கலாம், ஆகாமலும் இருந்திருக்கலாம், இந்த மருந்து மட்டும் தனியாகக் கொடுத்தவர்களில் முழு அளவு எடுத்தவர்களுக்கும் ஆகிறது, உன் பங்கு அதில் எவ்வளவு என்று அளக்க எந்தத் தராசும் இல்லை என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கு அது ஆறுதலாக இல்லை.

பிறகு அவரே வழி சொன்னார். பி.ஏ.எஸ். என்று இன்னொரு மருந்து உண்டு. வாயில் வைக்க முடியாத கசப்பு, தினமும் கைநிறைய விழுங்க வேண்டும். அதையும் புது மாத்திரையையும் சேர்த்துக் கொடுத்தால் மன்னிக்கு வாய்ப்பிருக்கிறது. இரண்டும் பம்பாயில் கிடைக்கும். "அவங்க அண்ணனுக்கு எழுது. உள்ளதை உள்ளபடி எழுது. இன்னொரு ஸ்ட்ரெப்டோமைசின் பெட்டி வந்தா உபயோகமில்லை. நாள் கடத்தாதே."

வீட்டில் சொன்னேன். அண்ணாவுக்கு மருந்து கேட்கிறது என்று முதலில் சொன்னேன். அது என் மடத்தனம். "அப்பாடா, பிள்ளையாரப்பா!" என்று அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். அப்புறம் மன்னியுடையதைச் சொன்னேன். அம்மாவின் கை அப்படியே நின்றது. மன்னி பின்கட்டு அறையில் தனித் தட்டு, தனி டம்ளரோடு படுத்திருந்தாள். எங்கள் பேச்சு அங்கே கேட்காது.

"பம்பாய்க்கு இன்னிக்கே எழுதணும். பாதி பாதியாப் போட்டோம்னும் எழுதணும்" என்றேன்.

"எழுதிக் கிழிச்சே! அவ தமையன் நம்மளைப் பத்தி என்ன நினைப்பான்? பொண்ணுக்கு அனுப்பின மருந்தைப் பிள்ளைக்குப் போட்டா, சம்பந்தி வீட்டு லட்சணம் இதுன்னு ஊர் பூராச் சொல்லமாட்டானா? மருந்து வேணும்னு மட்டும் எழுது. மத்ததெல்லாம் எதுக்கு?"

"அவர் பழைய மருந்தையே இன்னொரு பெட்டி அனுப்புவார் அம்மா! ஏன் கேக்கலைன்னு டாக்டருக்கு அங்கே தெரிய வேண்டாமா?"

"அப்படி ஒண்ணும் தலை போயிடாது."

"மன்னி தலை போயிடும்!" என்று கத்தினேன். அம்மாவிடம் நான் அப்படிக் கத்தினது அதுதான் முதல் தடவை. அண்ணாவைப் பார்த்தேன். "நீ சொல்லேன் அண்ணா. வாயில கொழுக்கட்டையா?"

அண்ணா தரையைப் பார்த்துக்கொண்டு, "அம்மா சொல்றதும் சரிதான், நீ சொல்றதும் சரிதான். ஒரு வாரம் பொறுத்துப் பார்க்கலாமே" என்றான். அவன் கெட்டவன் இல்லை. உயிர்ப்பயம் பிடித்தவன். அன்றைக்கு எனக்கு அவனை அறைய வேண்டும்போல் இருந்தது.

நான் நேரே பின்கட்டுக்குப் போனேன். மன்னி தலையணையைச் சுவரில் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். கதவைச் சாத்திக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். குழாயில் வந்ததை, மாத்திரை யாருக்கு என்பதை, ஃபார்மில் நான் எழுதினதை. காய்ச்சல் இல்லை என்று அன்று சொன்ன பொய்யையும் சேர்த்துச் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். அவள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தி இருமி முடித்துவிட்டு, "ஒரு கார்டும் பென்சிலும் கொண்டா" என்றாள்.

அவளே எழுதினாள். நாலே வரி. வரிகள் கீழே சரிந்து சரிந்து போயின. படிக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். தபாலில் சேர்த்தேன், கூடவே டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்துச் சீட்டையும் தனி உறையில் அனுப்பினேன். பதினோரு நாள் பதில் இல்லை. அந்தப் பதினோரு நாளில் அண்ணா மாத்திரை விழுங்கினான், கார்டு போய்ச் சேருவதற்கு முன்பே தமையன் அனுப்பி, மன்னியின் பெயருக்கு வந்த இரண்டாவது பெட்டியிலிருந்து முழுக்குப்பி ஊசி போட்டுக்கொண்டான். போட்டவள் நான்தான். ஊசியோடு பின்கட்டைத் தாண்டிப் போக வேண்டும். மன்னி கண்ணை மூடிக்கொண்டிருப்பாள்.

பன்னிரண்டாம் நாள் அவள் தமையன் வந்தார். தம்பானூர் ஸ்டேஷனிலிருந்து ஜட்கா வைத்துக்கொண்டு நேரே வந்து, செருப்பைக் கழற்றி, கூடத்தில் நின்றார். அம்மா காப்பி கொண்டுவந்தாள். அவர் டம்ளரைத் தொடவில்லை.

"மாமி, நான் ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். பெட்டி மேல யார் பேர் போட்டிருந்தது?"

அம்மா டபராவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். "நான் சமமாத்தானே பங்கு போட்டேன்? ரெண்டு பேருக்கும் ஒரு சொட்டு ஏறலை, குறையலை. இவளைக் கேளுங்கோ" என்று என்னைக் காட்டினாள். சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அந்த நிமிஷம் எனக்கு அம்மாவைப் பார்க்கவும் பொறுக்கவில்லை, அவரைப் பார்க்கவும் பொறுக்கவில்லை.

அவர் மன்னியைப் பார்க்கப் பின்கட்டுக்குப் போனார். பம்பாயில் ஆஸ்பத்திரியில் படுக்கை சொல்லிவைத்துவிட்டு வந்திருந்தார். மறுநாள் மத்தியான வண்டி. டாக்டர் தன் மேஜையிலிருந்து எதையும் கொடுக்கவில்லை. வழியில் ஒத்தை மாத்திரை ஒன்றுகூடத் தரக்கூடாது, அங்கே போய் இரண்டையும் ஒரே நாளில் தொடங்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மூன்று நாள் பயணத்தை அந்த உடம்பு தாங்குமா என்று கேட்டேன். "தாங்கணும்" என்றார்.

அண்ணா வாசல்வரை வந்தான். "போய்ட்டு வா" என்றான். மன்னி தலையை ஆட்டினாள். ஸ்டேஷனுக்கு நான் மட்டும் கூடப் போனேன். பெட்டியில் கீழ்ப் பலகையில் ஜமுக்காளம் விரித்து அவளைப் படுக்க வைத்தோம். தமையன் தண்ணீர் பிடிக்கப் போனார். நான் அவள் கால்மாட்டில் உட்கார்ந்துகொண்டு, "மன்னி, பாதி போட்டதுக்கு என்னை மன்னிச்சுடுங்கோ" என்றேன். கண்ணீரில் மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது.

"பாதி போட்டப்போ நானும்தான் சரின்னேன்" என்றாள். மூச்சு வாங்கிக்கொண்டு நிறுத்தினாள். "ஃபார்ம்ல முழுசுன்னு எழுதினியே. அப்போ என்னை யாரும் கேக்கலையே."

வண்டி கிளம்புகிற மணி அடித்தார்கள். நான் இறங்கிவிட்டேன்.

அப்புறம் கடிதமே இல்லை. அம்மா எழுதினாள், பதில் இல்லை. அண்ணா எழுதினான், பதில் இல்லை. நான் எழுதத் துணியவில்லை. அண்ணாவுக்கு ஆறு மாதத்தில் சளி சுத்தமானது, ஆபீசுக்குப் போனான். தெருவில் யாராவது, "உங்காத்து மாட்டுப்பொண் எப்படி இருக்கா?" என்று கேட்டால் அம்மா, "பொறந்தாத்துல இருக்கா" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிடுவாள். உயிரோடு இருக்கிறாளா என்றே எங்கள் யாருக்கும் தெரியாது. ஒரு வருஷத்துக்கும் மேல் அப்படிப் போனது. தபால்காரன் தெருவில் திரும்பினாலே நான் வாசலுக்கு ஓடுவேன்.

ஒரு நாள் லேபுக்கு என் பெயரில் ஒரு நீள உறை வந்தது. விலாசம் மன்னியின் கையெழுத்து. வரிகள் சரியவில்லை, நேராக இருந்தன. உள்ளே கடிதம் ஒன்றும் இல்லை. மேலே மன்னியின் பெயர் எழுதின, பம்பாய் ஆஸ்பத்திரி லேபின் அச்சுக் காகிதம் மட்டும். மூன்று தடவை கோழை எடுத்து மூன்று தடவை முட்டைக் குழாயில் போட்டிருந்தார்கள். ஒவ்வொரு வரிக்கும் நேரே ஒரே விஷயம்: ஆறு வாரம், கிருமி வளர்ச்சி இல்லை. எனக்கு அந்தக் காகிதம் என்ன சொல்கிறது என்று வேறு யாரும் விளக்க வேண்டியதில்லை. அது தெரிந்துதான் அனுப்பியிருந்தாள். உறையைக் கிழித்து உள்பக்கம்கூடத் தேடினேன், ஒரு வார்த்தையாவது இருக்குமோ என்று. இல்லை. டாக்டர் என் கையிலிருந்து காகிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போனார். நான் மேஜையில் தலையை வைத்து ஓவென்று அழுதேன்.